நோய்_2 எந்த மரம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ஆறு செம்பனை மரங்களின் வேர்களை எடுத்து முதுகலை ஆய்வு செய்கிறேன். மூன்று நல்ல மரம், மூன்று கானோடெர்மா (அடித்தண்டை அழுகவைக்கும் காளான்) பிடித்த மரம். தண்டில் பெயிண்டால் எண் எழுதியிருக்கும். நோய் மரங்கள் 9, 14, 27. நோட்டிலும் அதே வரிசைதான்.

எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏ தரவை, இரண்டு குழுக்களையும் ஒப்பிடும் கஃப்டிஃப் என்ற நிரலில் ஓட்டினேன். அதன் முடிவைப் படமாக்கும் கம்மெர்பண்டில், ரெப்ளிகேட்டுகளை (ஒரு குழுவில் உள்ள ஒவ்வொரு மரத்தின் மாதிரியையும்) தனித்தனியாகக் காட்டச் சொல்லி, ஒத்தவற்றை அருகருகே சேர்க்கும் கிளைப்படம் போட்டேன். நோய்_2 மட்டும் தன் கூட்டத்தை விட்டு நல்ல மரங்களோடு ஒட்டிக்கொண்டு நின்றது. 2 என்றால் இரண்டாவது, அதாவது 14 என்று எடுத்துக்கொண்டேன். அதை நீக்கிவிடலாமா என்று மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல்கூட எழுதி வைத்தேன்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அந்தத் தோட்டத்தில் 20 வருடத்துக்கு மேல் குலை வெட்டியவர். "பதினாலா? அதோட அடியில காளான் தட்டுத் தட்டா நின்னுச்சேம்மா, நீதானே போட்டோ புடிச்ச?" என்றார். சோற்றை அப்படியே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

கஃப்டிஃப் கோப்புகளை நாம் கொடுக்கும் வரிசையில் 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டு போகிறது. கோப்பின் பெயர் படத்தில் வராது, குழுப் பெயரும் இந்த எண்ணும்தான் வரும். ஆக நோய்_2 மூன்றாவது கோப்பு. அதற்கு மேல், என் ஸ்கிரிப்ட் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தது: 14, 27, 9. எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்தால் 9 கடைசிக்குத்தான் போகும். வெளியீட்டுக் கோப்புறையில் ரீட்_குரூப்ஸ்.இன்ஃபோ என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. எந்தக் கோப்பு, எந்தக் குழு, எத்தனையாவது ரெப்ளிகேட், எல்லாம் ஒரே வரியில். அத்தனை நாளாக அதைத் திறந்தே பார்க்கவில்லை.

விலகி நின்றது 9. விரியாத குருத்துகளைப் பார்த்துத்தான் அதை நோய் மரத்தில் சேர்த்திருந்தேன். தண்ணீர் பற்றாமல் போனாலும் குருத்து அப்படித்தான் நிற்கும். அதன் அடியில் காளான் கிடையாது. 14ஐ நீக்கியிருந்தால், நோய் தெளிவாகத் தெரிந்த மரத்தைத் தூக்கிவிட்டு, சந்தேகமான மரத்தை உள்ளே வைத்திருப்பேன்.

*

அக்கா, நானும் இதே ஊர்தான். எனக்கு ஆர் (R) என்ற நிரல் மொழி வேறு மாதிரி செய்தது. அட்டவணையின் நெடுவரிசைப் பெயர் 14-1 என்று இருந்தது, படித்த பிறகு பார்த்தால் எக்ஸ்14.1. எண்ணில் தொடங்கினால் முன்னால் எக்ஸ் போடுகிறது, கோடு புள்ளியாகிவிடுகிறது. மாதிரிப் பட்டியலில் பழைய பெயரே இருந்ததால் இரண்டும் பொருந்தவில்லை. ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது.

*

தம்பி, படிக்கும்போது செக்.நேம்ஸ் என்பதை ஃபால்ஸ் என்று கொடுத்தால் பெயரைத் தொடாது. இருந்தாலும் எழுத்தில் தொடங்கும் பெயராக வைப்பதுதான் நல்லது. நான் இப்போது நோய்_ம09, நோய்_ம14, நோய்_ம27 என்று வைக்கிறேன். முன்னால் 0 சேர்த்தால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடும். அப்புறம், டிஇசீக்2 (இதே மாதிரி ஒப்பீட்டைச் செய்யும் ஆர் தொகுப்பு) பயன்படுத்தினால் எண்ணிக்கை அட்டவணையின் நெடுவரிசைகளும் மாதிரிப் பட்டியலின் வரிகளும் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதே பெயர்கள் வரிசை மாறி இருந்தால் அது பிழை காட்டி நின்றுவிடும்.

சனிக்கிழமை அப்பாவோடு போய் 9ஆம் மரத்தில் மறுபடி வேர் எடுக்கிறேன்.