உறக்க மூச்சடைப்பு: 'மூச்சின்மை' ஏன் வேண்டாம்

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உறங்கும்போது மூச்சு நின்று நின்று வரும் கோளாறான ஸ்லீப் அப்னியாவுக்கு, நம் குழுவில் தேவகோட்டை ஐயா முன்வைத்த 'தடைசார் துயில் மூச்சின்மை' இலக்கணச் சுத்தமான சொல். அப்னியா என்ற கிரேக்க வேருக்கு நேர்ப்பொருளும் 'மூச்சின்மை'தான். ஆனால் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காகக் காரைக்குடியில் நாங்கள் தயாரிக்கும் கையேட்டில் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மூச்சின்மை என்றதும் வீட்டார் மனத்தில் எழுவது சாவு. பெற்றவளிடம் அந்தச் சொல்லை எப்படி நீட்டுவது? கம்பன் கழகம் வளர்ந்த ஊரில் 'துயில்' என்ற சொல்லுக்கு மரியாதை உண்டு; மருந்துச் சீட்டில் அது ஒட்டாது.

நாளிதழ்களில் வரும் 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்' எல்லோருக்கும் புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. திணறல் என்றால் ஆஸ்துமாவில் நெஞ்சு இழுப்பது, விழித்துக்கொண்டு தவிப்பது. பள்ளத்தூரில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் விரித்த பாயில், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்தபடியே முன்னால் மடங்கி, முகத்தைப் பாயில் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். குறட்டை சீராக வரும், சட்டென்று நிற்கும், விலா உள்வாங்கும், ஒரு செருமலோடு மறுபடி தொடங்கும். "மூச்சுத்திணறல் ஏதும் உண்டா ஆச்சி?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கிடையாது, நன்றாக அயர்ந்து தூங்குவான்" என்றார் அவனுடைய அப்பத்தா. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். நிமிர்ந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை மூடும் என்பதால்தான் பிள்ளை அப்படி மடங்கித் தூங்குகிறான் என்பதை அந்தச் சொல் அவருக்குச் சொல்லவில்லை.

இந்தக் குழந்தைகளுக்கு நடுமுகம் சிறுத்திருக்கும், வாயின் இடத்துக்கு நாக்கு பெரிதாக இருக்கும், தசை இறுக்கம் குறைவு. தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சிலும், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு என்ற சதையும் சற்றே வீங்கினாலும் வழி அடைபடும். பொதுவாகக் குழந்தைகளில் 100-க்கு 1 முதல் 5 பேருக்கு வரும் இந்தக் கோளாறு, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டார் சொல்வதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3 முதல் 4 வயதுக்குள், தூங்கும்போது மூச்சைக் கண்காணிக்கும் இரவுப் பரிசோதனை செய்யவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022 வழிகாட்டுதலில் கூறுகிறது. (இதை 'உறக்க ஆய்வு' என்று எழுதாதீர்கள். 'என் பிள்ளையை வைத்தா ஆய்வு?' என்று கேட்பார்கள். 'உறக்கப் பரிசோதனை' போதும்.)

ஆகவே என் பரிந்துரை 'உறக்க மூச்சடைப்பு'. எங்கே கோளாறு என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. மாரடைப்பை நினைவூட்டிப் பயமுறுத்தும் என்று புதுவயல் அண்ணன் எழுதியிருந்தார். மாரடைப்பு என்ற சொல்தான் படிக்காதவரையும் உடனே மருத்துவமனைக்கு ஓடவைத்தது; அந்த அவசரத்தில் கொஞ்சம் இங்கேயும் தேவை. கவனிக்காமல் விட்டால் நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தம் கூடும். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறும் இருக்கும்போது அது சின்ன விஷயமல்ல. மூக்கடைப்போடு குழம்பக்கூடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால் 'உறக்க' என்ற முன்னொட்டை எங்கும் விடக்கூடாது. 'தூக்க' என்று போட்டால் பிள்ளையைத் தூக்க மூச்சு அடைக்கிறது என்று படிக்க வாய்ப்புண்டு.

தொண்டை திறந்தே இருந்தும் மூளையின் கட்டளை வராமல் மூச்சு நிற்கும் வகையும் உண்டு. அதை அடைப்பு என்பது பொய். இரண்டுக்கும் பொதுவாக 'மூச்சுத்தடங்கல்' என்று வைக்கலாம். மின்தடங்கல்போல, நின்று மறுபடி வருவது என்ற பொருள் அதில் இருக்கிறது, எண்ணவும் முடிகிறது. பெரியவர்களுக்கு 10 விநாடி நின்றால் ஒரு தடங்கல். குழந்தைகளுக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கு. முழுத் தடங்கலும் மூச்சுக் குறைவும் சேர்த்து மணிக்கு 1-க்கு மேல் போனால் குழந்தைக்கு அது கோளாறு, 10-க்கு மேல் கடுமை. அறிக்கையில் வரும் அந்த எண்ணுக்குத் 'தடங்கல் எண்' என்றே பெயர் வைத்துவிடலாம். திணறலை யார் எண்ணுவார்கள்?

முதல் சிகிச்சை டான்சில், அடினாய்டு நீக்கம். அதற்குப் பிறகும் பலருக்கு அடைப்பு மிஞ்சும் என்பதால், அறுவைக்குப் பின் மறுபடி பரிசோதனை வேண்டும் என்ற வரியைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுகிறோம். கழுத்து எலும்பு மூட்டு தளர்ந்திருக்கக்கூடும் என்று மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே நினைவூட்ட வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம்.

அடுத்த கட்டம், முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் (CPAP) கருவி. அந்தப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பான 'தொடர் நேர்மறைக் காற்றழுத்தம்' என்பதில் 'நேர்மறை' யாருக்கும் விளங்காது. மூச்சுவழி மூடிக்கொள்ளாமல் உள்ளிருந்து தாங்குவது அந்தக் காற்று, 'தாங்குகாற்று' என்கிறேன். கருவியின் பெயர் சிபாப் என்றே இருக்கட்டும், மருந்துக் கடையில் அப்படித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அடினாய்டுக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 'மூக்கில் சதை' என்றால் வேறு நோயாகிவிடுகிறது. கோட்டையூர் ஆச்சி சொன்ன 'மேல்தொண்டைச் சதை' எனக்குப் பிடித்திருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் யாராவது குழுவில் இருந்தால், அதில் பிழை உண்டா என்று அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.