ஃப்ரீமன் பள்ளியில் ஜியோகேச்சிங்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை, அதன் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். எண்களை வைத்து மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பியாட்ரிஸ் ஊருக்கு மேற்கே, ஃப்ரீமன் பள்ளி என்று ஒரே அறை கொண்ட செங்கல் கட்டடம் இருக்கிறது. 1872 முதல் 1967 வரை பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஓர் அறைதான் பள்ளிக்கூடம். இப்போது ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா அதைப் பராமரிக்கிறது. வகுப்பில் பைபிள் வாசிப்பதை எதிர்த்து அந்தப் பகுதி விவசாயி டேனியல் ஃப்ரீமன் வழக்குப் போட்டதும் இந்தப் பள்ளி விஷயமாகத்தான். 1902-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இவ்வளவு கதை உள்ள இடத்தைக் காரில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் மனசு கேட்கவில்லை. அவர்களை இறங்கிப் பார்க்க வைக்க, அங்கே ஒரு ஜியோகேச்சிங் அமைக்க ஆசை.

தேசியப் பூங்கா நிலத்தில் அனுமதி இல்லாமல் பெட்டி வைக்கக் கூடாது. சரி, பள்ளியில் காணும் ஆண்டுகளை வைத்து ஜி.பி.எஸ். எண்களைக் கணக்கிட்டு, எல்லைக்கு வெளியே பெட்டியைத் தேடும்படி அமைக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஏதாவது அருங்காட்சியகத்திலோ பூங்காவிலோ இப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பூங்கா அலுவலகத்திடம் முதலில் எப்படிப் பேசினீர்கள்? கதவு பூட்டியிருக்கும் நாளிலும் வெளியே நின்றே விடை கண்டுபிடிக்கிற மாதிரி கேள்விகள் வேண்டும். அப்புறம், அங்கத்திய பனியைத் தாங்கும் பெட்டி எது என்றும் சொல்லுங்கள்.