சவுக்குல துணி நெய்யறாங்களாமே, வெட்டலாமா, நிறுத்தி வைக்கலாமா?

மணல்காட்டான் (குறிஞ்சிப்பாடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு காணி சவுக்கு நிக்குது, ஜுங்குனியானா ரகம், வெட்டற பருவம் வந்தாச்சு. வழக்கமா நேரா வளர்ந்ததைப் பந்தல் கழி, சாரக்கழின்னு எடுத்துக்கிட்டு மீதியைப் பேப்பர் மில்லுக்கு ஏத்திடுவோம். மிளாறு அடுப்புக்கு.

இந்தத் தடவை வந்த புரோக்கர் புதுசா ஒண்ணு சொல்றாரு. இனிமே மரத்துலேருந்துதான் துணி, வெளிநாட்டுல மரத்தைக் கரைச்சு நூல் எடுக்கறான், ரெண்டு வருசம் பொறுத்தா துணிக் கம்பெனிக்காரன் பேப்பர் மில்லு ரேட்டுக்கு டபுளா குடுப்பான்னு. அதுவரைக்கும் வேற யாருக்கும் விக்கக் கூடாதாம், அதுக்கு ஒரு அக்ரிமென்ட், கொஞ்சம் அட்வான்ஸ். "நான் கட்டியிருக்கற நைட்டியே மரத்துல செஞ்சதுதான்னு செல்லுல போட்டிருக்கான், போய் விசாரிங்க"ன்னு வீட்டுல சொல்லுது.

2011 தானே புயல்ல எங்கப்பா வச்ச சவுக்கு ஒரே ராத்திரியில படுத்ததைப் பார்த்தவன் நான். மரத்தைச் சும்மா நிறுத்தி வைக்கவே வயித்தைக் கலக்குது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நெல்லித்தோப்பு நண்பன்

சவுக்குல நைட்டியா? கட்டினா குத்துமேய்யா! புரோக்கருக்கே ஒண்ணு தச்சுப் போட்டு விடுங்க.

பழைய லேப் (லாஸ்பேட்டை)

சிரிக்காதீங்கப்பா. மணல்காட்டான் தம்பி, உங்க வீட்டம்மா சொன்னது சரிதான். காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தையில குவிச்சு வச்சிருக்கற ரேயான் நைட்டி மரத்துலேருந்து வந்ததுதான். ஆனா "இனிமேதான்"னு புரோக்கர் சொல்றதுதான் புளுகு. ரேயான் செய்யற விஸ்கோஸ் முறைக்கு இங்கிலாந்துல பேட்டன்ட் எடுத்தது 1892. நம்ம நாட்டுல, மத்தியப் பிரதேசம் நாக்தாவுல க்ராசிம் கம்பெனிக்காரங்க இந்த நூல்பஞ்சைப் போட ஆரம்பிச்சது 1954.

நான் வெளிமாநிலத்துல ஒரு விஸ்கோஸ் மில்லு லேப்ல இருந்தவன். ரிட்டயராகி இப்ப மக வீட்டுல இருக்கேன். அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

மரத்துக்கும் நூலுக்கும் நடுவுல மரத்தைக் கூழாக்கற ஒரு பெரிய ஆலை இருக்கு. உங்க புரோக்கர் அதைத்தான் முழுங்கிட்டாரு. நூலாகற நார்ப்பொருள் செல்லுலோஸ், அது மரத்துல ஏறக்குறைய பாதிதான். மீதி, நாரை ஒட்டிப் பிடிக்கற பசை மாதிரி லிக்னின், அப்புறம் செல்லுலோஸுக்குத் தம்பி மாதிரி ஹெமிசெல்லுலோஸ், சுருக்கமா ஹெமி. பேப்பருக்கு லிக்னினை எடுத்தாப் போதும். ஹெமி கொஞ்சம் தங்கினா தாளுக்குப் பலம்தான். துணிக்கு அதுவும் போயாகணும். சிப்ஸை முதல்ல நீராவியில வேகவச்சு ஹெமியை இறக்கி, அப்புறம் காஸ்டிக் சோடாவும் சல்பைடும் விட்டுச் சமைச்சு, வெளுத்து, சுத்தமான செல்லுலோஸ் 90 சதவீதத்துக்கு மேல நின்னாத்தான் எங்க ஆளுங்க கையில தொடுவாங்க. காய்ஞ்ச மரம் ஒரு டன்னுக்கு இந்தக் கூழ் 350லேருந்து 400 கிலோதான் தேறும். பேப்பர் கூழ் அதைவிட அதிகம். அதுவும் உங்க எடைமேடையில ஏறுறது பச்சை மரம், பாதிகிட்ட தண்ணி. அப்ப நீங்க ஏத்துற ஒவ்வொரு டன்னுக்கும் துணிக்குப் போறது 200 கிலோ சுமார். இதுல டபுள் ரேட்டு எங்கேருந்து வரும்?

சவுக்குல முடியுமான்னா, முடியும். கர்நாடகா ஹரிஹர்ல தைலமரத்துலேருந்து ரேயான் கூழ் எடுக்கறாங்க, சவுக்குக்கும் அதே சமையல்தான். ஆனா உங்க மரத்தை வாங்கப் போறவன் துணிக்காரன் இல்ல, கூழ் ஆலைக்காரன். பக்கத்துப் பேப்பர் மில்லு என்ன குடுக்குதோ அதைவிட நாலு காசு சேர்த்துக் குடுப்பான், லாரி வாடகையை அதுல கழிப்பான். அவ்வளவுதான்.

கூழ் வந்த பிறகு இருக்கற வேலையையும் சொல்லிடறேன், "இயற்கைத் துணி"ன்னு விளம்பரம் பார்த்து மயங்கறவங்களுக்காக. கூழ் அட்டையை காஸ்டிக்ல ஊறவச்சு, பிழிஞ்சு, தூளாக்குவோம். வெள்ளையா இருக்கும். அதைச் சுத்தற டிரம்ல போட்டு கார்பன் டைசல்பைடு விட்டா, திறக்கும்போது ஆரஞ்சு நிறமா மாறியிருக்கும். பார்க்க அழகு. அதைத் திரும்ப காஸ்டிக்ல கரைச்சு வடிகட்டி, ஊசிமுனையைவிடச் சின்ன ஓட்டை ஆயிரக்கணக்குல போட்ட ஜெட் வழியா ஆசிட் தொட்டிக்குள்ள தள்ளினா நூலா வரும். அந்த ஜெட் தங்கமும் பிளாட்டினமும் கலந்தது, ஷிப்டு மாறும்போது எண்ணித்தான் ஒப்படைக்கணும். தொட்டியிலேருந்து கிளம்பற அழுகின முட்டை வாசனை எப்படியிருக்கும்னு சிப்காட் கெமிக்கல் ஆலைங்க பக்கத்துல இருக்கற கடலூர்க்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ஸ்பின்னிங் ஹால்ல நின்னுட்டு ராத்திரி வெளிய வந்தா தெருவிளக்கைச் சுத்தி கலர்கலரா வளையம் தெரியும். விளக்குல ஒண்ணும் இல்ல, கண்ணுதான் வெந்திருக்கு. எங்க மில்லுல அதுக்குக் கொடுத்தது கண்ணுல விட சொட்டு மருந்து மட்டும். காத்து இழுக்கற மோட்டாரைச் சரி பண்ணுங்கன்னு எழுதிக் குடுத்த பேப்பர் எல்லாம் எங்க போச்சோ.

லியோசெல்னு இன்னொரு மரக்கூழ் நூல் இருக்கு, இந்தத் தொல்லை இல்லாதது. டென்செல்னு விக்கறாங்களே, அது. என்.எம்.எம்.ஓ.ங்கற கரைப்பான்ல கூழை நேரா கரைச்சு, தண்ணியில நூலாக்கி, கரைப்பான்ல 99 சதவீதத்துக்கு மேல திரும்பப் பிடிச்சுடறாங்க. விலைதான் கூட. வீட்டம்மாகிட்ட ஒரு சோதனை சொல்லுங்க: ரேயான் நைட்டி ஓரத்துல ஒரு நூலை உருவி, பாதியை நனைச்சு இழுக்கச் சொல்லுங்க, நனைஞ்ச இடத்துலதான் பட்டுன்னு அறும். ஈரத்துல விஸ்கோஸுக்கு பலம் பாதியா விழுந்துடும். அடிச்சுத் துவைக்கக் கூடாதுன்னு சொல்றது அதுக்குத்தான். லியோசெல் அந்த அளவுக்குத் தளராது.

அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க.

மணல்காட்டான்

ரொம்ப நன்றிங்க ஐயா. இன்னொண்ணு. பழைய பனியன், வேட்டியைக் கரைச்சும் நூல் எடுக்கறாங்கன்னு அதே வீடியோவுல வந்துச்சி. அப்படின்னா நாளைக்கு மரமே வேணாம்னு சொல்லிடுவானா?

காகிதக்காரி (முத்தியால்பேட்டை)

இதுக்கு நான் கொஞ்சம் சொல்லலாம். பாண்டியில அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதப் பட்டறை 1959லேருந்து நடக்குது, பருத்தித் துணி வேஸ்ட்டுலதான் காகிதம். நான் வேலை பார்க்கறது அது இல்ல, வேற ஒரு சின்ன பட்டறை, ஆனா சரக்கு ஒண்ணுதான்: திருப்பூர் பனியன் கட்டிங். மூட்டையைக் கொட்டினதும் நாங்க செய்யற முதல் வேலை ஒவ்வொரு துண்டையும் ரெண்டு கையால இழுத்துப் பார்க்கறது. விட்டதும் சுருக்குன்னு திரும்பி வந்தா அதுல லைக்ரா, அதான் இழுபடற ரப்பர் மாதிரி நூல், இருக்கு, ஒதுக்கணும். தப்பித்தவறி ஒரு பிடி, துணியை அரைக்கற பீட்டர் மெஷினுக்குள்ள போச்சுன்னா பருத்தி அரைஞ்சுடும், லைக்ரா அரையாது. ஷீட்டு தூக்கும்போது சுருட்டை சுருட்டையா முடிச்சு விழுந்து நிக்கும், அந்தத் தாள் கழிவுக்குத்தான். சந்தேகத் துண்டுக்குத் தீக்குச்சி. பருத்தின்னா பேப்பர் எரியற வாசனை, சாம்பல். பாலியஸ்டர் கலந்திருந்தா உருகிக் கெட்டியா நிக்கும்.

காகிதத்துக்கே இவ்வளவு பொறுக்கறோம், ஐயா. நூலுக்கு?

பழைய லேப் (லாஸ்பேட்டை)

அம்மா சொன்னதுதான் முழு விஷயமும். பாண்டி ஏ.எஃப்.டி. துணி மில்லை 2020ல மூடின பிறகு இந்த ஊருல இதைப் பத்திப் பேச ஆளே இல்லைன்னு நெனச்சிருந்தேன்.

பருத்தி பிறவியிலேயே 90 சதவீதத்துக்கு மேல செல்லுலோஸ், லிக்னின் கிடையாது. மரத்தைச் சமைச்சு நாங்க கஷ்டப்பட்டு எட்டற இடத்துல பனியன் துணி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கு. பருத்திக் கொட்டையில ஒட்டியிருக்கற குட்டைப் பஞ்சைக் கரைச்சு ஜப்பான்காரன் பெம்பெர்க் நூல் போடறது பழைய கதை. அதனால தொழில்நுட்பம் இல்லாம இது நிக்கல. நிக்கறது பொறுக்கற இடத்துல. பட்டன், சாயம், லைக்ரா, பாலியஸ்டர் ஒரு பக்கம். இன்னொண்ணு கண்ணுக்கே தெரியாது: புதுக் கட்டிங்ல செல்லுலோஸ் மூலக்கூறு சங்கிலி நீளம், துவைச்சுத் துவைச்சு நைஞ்ச வேட்டியில குட்டை. ரெண்டையும் ஒண்ணாக் கரைச்சா கரைசலோட கெட்டித்தன்மை மூட்டைக்கு மூட்டை மாறும், ஜெட் அடைச்சுக்கும். என் கட்சி, வீட்டுப் பழந்துணியை விட்டுட்டு கட்டிங் டேபிள் துண்டுலேருந்து ஆரம்பிக்கணும்.

ஸ்வீடன்ல சுண்ட்ஸ்வால்ங்கற ஊருல ரினியூசெல்னு ஒரு கம்பெனி 2022ல ஆலை திறந்துச்சு, பருத்தி வேஸ்ட்டுலேருந்து கூழ், வருசத்துக்கு 60,000 டன் திறன். கூழ் நல்லாத்தான் வந்துச்சு. ஆர்டர் வரல. 2024 பிப்ரவரியில திவாலாச்சு, அதே வருசம் வேற ஒருத்தர் வாங்கி சர்குலோஸ்னு பேரு மாத்தினாங்க. பெரிய பெரிய பிராண்டெல்லாம் மேடையில கை தட்டினவங்கதான், வாங்கும்போது விலை கூடன்னு ஒதுங்கிட்டாங்க. திருப்பூர்லயும் கட்டிங் ஒண்ணும் குப்பையா கிடக்கல. பிரிச்சுப் பஞ்சாக்கி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுல நூலாக்கறவன் காசு குடுத்துத்தான் எடுத்துட்டுப் போறான். கரைக்கறவன் அவனோட போட்டி போட்டு வாங்கணும்.

அதனால மரம் வேணாம்னு யாரும் இப்போதைக்குச் சொல்லப் போறதில்ல தம்பி. டபுள் ரேட்டும் யாரும் குடுக்கப் போறதில்ல.

மணல்காட்டான்

அக்ரிமென்ட் வேணாம்னு சொல்லிட்டேன் ஐயா. ஐப்பசி மழைக்கு முன்னாடி, லாரி உள்ள இறங்கும்போதே வெட்டிடலாம்னு இருக்கோம். அடுத்து ஒரு போகம் மல்லாட்டை போட்டுப் பார்க்கறேன். நூல் சோதனை பண்ணோம், நனைஞ்ச இடத்துலதான் அறுந்துச்சி. துவைக்கற கல்லுல அடிச்சுக் கிழிச்ச நைட்டிக்கெல்லாம் இப்ப எங்க அம்மாகிட்ட கணக்குக் கேக்குது வீட்டுல.

புரோக்கர் மறுபடி வந்தாரு. துணிப் பேச்சே எடுக்கல. பேப்பர் மில்லுக்கே எடுத்துக்கறேன், போன தடவை சொன்னதைவிட டன்னுக்குக் கொஞ்சம் ஏத்தித் தரேன்னு நிக்கறாரு.

பழைய லேப் (லாஸ்பேட்டை)

பட்டை உரிச்ச எடைக்கா, பட்டையோட எடைக்கான்னு முதல்ல கேளுங்க. வெட்டின அன்னிக்கே எடை போடச் சொல்லுங்க, வயல்ல கிடந்து காய்ஞ்சா டன் குறையறது உங்களுக்குத்தான்.