ஸ்பிட்டி பயணம்: சாப்பாட்டுக்கும் கைப்பணத்துக்கும் என்ன ஏற்பாடு?

கோவைவாசி:
ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு இமாச்சலப் பிரதேசத்து மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிட்டி போகிறேன். சிம்லா, ரெக்காங் பியோ, டாபோ வழியாகக் காஜா. அங்கிருந்து குன்சும் கணவாய் ஏறி மணாலி. அம்மா முட்டைகூடத் தொட மாட்டார். வேளாவேளைக்குச் சைவச் சாப்பாடு கிடைக்குமா? ரொக்கம் எவ்வளவு வேண்டும்? ஜிபே போதும் என்கிறார் அலுவலக நண்பர்.

மலைப்பாதை:
போதாது, சகோதரி. காஜா கடைத்தெருவில் சிக்னல் இருக்கும்போது ஜிபே வேலை செய்யும். இணைப்பு போனால் ஊர் முழுக்கப் போகும், ஏ.டி.எம்.மும் சேர்ந்து படுத்துவிடும். ரெக்காங் பியோ மாவட்டத் தலைநகர். பணத்தை அங்கேயே எடுத்துவிடுங்கள். அறை, வண்டி, சாப்பாடு எல்லாம் கூட்டி, அதற்கு மேல் இரண்டு நாள் செலவையும் சேர்த்து எடுங்கள். டாபோ போகும் வழியில் நாகோ கிராமத்துக்குப் பக்கத்தில் மல்லிங் நாலா என்ற இடத்தில் மலை அடிக்கடி சரியும். ஆகஸ்ட் மழையில் சாலை அடைபட்டால் திறக்கும்வரை கைக்காசுதான்.

நூறும் ஐம்பதுமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டீக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், கடைக்காரப் பெண்மணி அடுப்பை விட்டுவிட்டுச் சில்லறைக்காக வீடு வீடாக அலைய வேண்டியிருக்கும். காஜாவுக்கு மேலே இருக்கும் ஹிக்கிம் கிராமத்து அஞ்சலகத்தில் தபால்தலை வாங்கவும் சில்லறை வேண்டும். 1983 முதல் இயங்கும் அலுவலகம். அம்மா கையால் ஒரு அட்டை எழுதி ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சைவத்துக்குக் கவலையே வேண்டாம். ராஜ்மா சாதம், ஆலு பராத்தா, பருப்பு, காய்கறி மோமோ எல்லாம் சாலையோர தாபாக்களில் உண்டு. துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள். காய்கறி போட்டதாகவே இருந்தாலும் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த சாற்றை ஊற்றுவார்கள்.

காஜாவுக்கு மேலே லாங்சா கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வீட்டு அம்மா கோதுமை மாவைப் பிசைந்து நீளமாக இழுத்து, பெருவிரலால் துண்டு துண்டாகக் கிள்ளி, கொதிக்கும் பானைக்குள் நேரே எறிந்துகொண்டிருந்தார். பேச்சு எங்களோடு, கை மாவோடு. தோட்டத்துப் பச்சைப் பட்டாணி, கொஞ்சம் கீரை. தெந்துக் என்கிறார்கள். நீங்கள் போகும் நேரம் பட்டாணி அறுவடை நேரம், தவறவிடாதீர்கள்.

ஒன்று: இரவுச் சாப்பாட்டை மதியமே சொல்லிவிடுங்கள். லாங்சா இருக்கும் 4,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அவசரப்படுத்திப் பயனில்லை. பேரம் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. எரிவாயு சிலிண்டர், அரிசி, எண்ணெய் எல்லாம் லாரியில் அந்த மலை ஏறி வருகின்றன. பயணிகள் வரும் சில மாத வருமானத்தில்தான் குளிர்காலத்தையும் தள்ள வேண்டும். சொன்ன விலையைக் கொடுங்கள்.

வடக்குவீதி:
மலைப்பாதை ஐயா சொன்னதோடு ஒன்று. காஜாவிலிருந்து மணாலி போகும் வழியில் லோசர்தான் கடைசிக் கிராமம். காலை உணவை அங்கே முடித்துவிடுங்கள். கணவாய் தாண்டினால் பாதல், சத்ரு இரண்டிலும் கோடைக்கால தாபாக்கள்தான். ரொக்கம் இல்லாமல் அங்கே இறங்காதீர்கள்.

கோவைவாசி:
இருவருக்கும் நன்றி. வெண்ணெய்த் தேநீர் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா? தங்கும் வீடுகளில் சாப்பாட்டுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா?

மலைப்பாதை:
அது உப்புப் போட்டது. டீ என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிப்பார், சூப் என்று சொல்லிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் இனிப்புத் தேநீரும் போட்டுத் தருவார்கள். பல வீடுகளில் இரவுச் சாப்பாடும் காலை உணவும் அறை வாடகையிலேயே அடங்கும். அறை பேசும்போதே கேட்டுவிடுங்கள். உயரம் உடம்புக்குப் பழக வேண்டும், அதனால் முதல் இரண்டு இரவு அம்மாவுக்கு அரை வயிறு போதும், வெந்நீர் நிறையக் கொடுங்கள். டாபோவில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காஜா ஏறுங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே போகாமல் இறங்கிவிடுங்கள்.

கோவைவாசி:
டாபோவில் ஒரு நாள் கூட்டிவிட்டேன், ஐயா. பணம் பியோவிலேயே எடுத்துக்கொள்கிறேன்.