24 கணினி, ஒரே இணைப்பு: உபுண்டு அப்டேட்டை லேபிலேயே சேமித்து வைக்க முடியுமா?

பென்னாகரம்_லேப்:
வணக்கம். லேபில் 24 கணினிகள், எல்லாமே உபுண்டு 22.04 லினக்ஸ். இணைப்பு 10 எம்பிபிஎஸ். ஒருமுறை அப்டேட் போட்டால் கணினிக்குச் சுமார் 300 எம்பி. அதே மென்பொருள் தொகுப்புகளையே 24 தடவை இறக்குகிறோம். முழு மிரர் (உபுண்டு சர்வரின் முழு நகல்) வைப்பதா, வேறு வழி உண்டா?

அரூரான்:
மிரர் வேண்டாங்க. நீங்கள் தொடவே தொடாத தொகுப்புகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான ஜிபியை அடைத்துக்கொள்ளும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருள் போதும். முதல் கணினி கேட்கும்போது இறக்கி வைத்துக்கொள்ளும், அடுத்தவற்றுக்கு டிஸ்க்கிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். இப்போது மொத்தம் 7.2 ஜிபி, இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலே 96 நிமிடம். இதை வைத்தால் வெளியிலிருந்து வருவது 300 எம்பிதான், 4 நிமிடம்.

எப்போதும் ஓடும் ஒரு கணினியில் நிறுவுங்கள். ரூட்டரில் அதற்கு நிலையான ஐபி கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் ஐபி மாறி, எல்லாக் கணினியிலும் அப்டேட் நின்றுவிடும். மற்ற கணினிகளில் ஆப்ட்டின் (தொகுப்புகளை இறக்கி நிறுவும் கருவி) அமைப்புக் கோப்புறையில் ஒரு சிறு கோப்பு போதும். அந்த ஐபியையும் 3142 என்ற போர்ட்டையும் ப்ராக்ஸியாக (இடையில் நின்று இறக்கித் தரும் கணினியாக) காட்டும் ஒரே வரி. முதலில் ஒரு கணினியை முழுசாக அப்டேட் செய்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள்.

பென்னாகரம்_லேப்:
போட்டாச்சு, நல்ல வேகம். ஆனால் வெளி நிறுவனத்தின் ரெப்போ (தொகுப்புக் களஞ்சியம்) ஒன்று மட்டும் 403 (அனுமதி மறுப்பு) என்று பிழை காட்டுகிறது.

ஓசூர்_லினக்ஸ்:
அது ஹெச்டிடிபிஎஸ் முகவரியாக இருக்கும். மறையாக்கம் செய்த போக்குவரத்தின் உள்ளே இருப்பதை கேச்சரால் பார்க்க முடியாது, அதனால் இயல்பாகவே மறுத்துவிடும். மற்ற கணினிகளில் போட்ட அந்தச் சிறு கோப்பில் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மட்டும் 'டைரக்ட்' என்று இன்னொரு வரி சேருங்கள். அந்த ரெப்போ சேமிப்பில் சேராது, ஆனால் வேலை செய்யும். உபுண்டுவின் சொந்த ரெப்போ ஹெச்டிடிபியில் வருவதால் பயப்பட வேண்டாம். தொகுப்புப் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, ஆப்ட் அதைச் சரிபார்த்த பிறகுதான் நிறுவும்.

ஃபயர்ஃபாக்ஸ் 22.04-இல் ஸ்னாப்பாக (ஆப்ட் வழியில் வராத தனி வகைத் தொகுப்பாக) வருகிறது. ஸ்னாப் இந்த வழியில் போகாது, ஒவ்வொரு கணினியும் தனித்தனியாகத்தான் இறக்கும்.

அரூரான்:
'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' (கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்ற பிழை வந்தால் பெரும்பாலும் பழைய பட்டியலும் புதியதும் கலந்த கோளாறுதான். அந்தக் கணினியில் ஆப்ட் பட்டியல் கோப்புறையைக் காலி செய்து, மறுபடி அப்டேட் கொடுங்கள். அப்போதும் தீரவில்லை என்றால், சேமிப்பில் இருக்கும் பட்டியல் கோப்பே கெட்டிருக்கும். பிரவுசரில் கேச்சர் ஓடும் கணினியின் ஐபி, போர்ட் 3142 போட்டு அறிக்கைப் பக்கத்துக்குப் போய் சரிபார்ப்பை ஓட்டுங்கள். எத்தனை கோரிக்கை சேமிப்பிலிருந்தே போயிற்று என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.