கரண்ட் பில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது: உண்மையான மிச்சம் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது?

மாடிவீடு_மதுரை
மதுரையில் மேல்தள வீடு, 1,000 சதுர அடி, கான்கிரீட் தளத்துக்கு மேல் தட்டோடு. இந்தப் பிப்ரவரியில் மூன்று வேலைகள் முடிந்தன: மொட்டைமாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பூச்சு, நான்கு ஃபேன்கள் பிஎல்டிசிக்கு (குறைந்த வாட்டில் ஓடும் வகை) மாற்றம், பழைய ஒன்றரை டன் ஏசிக்குப் பதில் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி.

போன வருடம் மார்ச்–ஏப்ரலில் 61 நாளுக்கு 640 யூனிட். இந்த வருடம் அதே பில்லில் 57 நாளுக்கு 455 யூனிட். தொகை பாதிக்கும் கீழே. வேலைக்கு முந்தைய டிசம்பர்–ஜனவரி பில்லில் நாளுக்கு 4.5 யூனிட், அப்போது ஏசி ஓடவில்லை. இதில் எந்த வேலை எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று பிரிக்க முடியுமா? அடுத்து மேற்குச் சுவரில் செலவு செய்யலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

கிளாம்ப்மீட்டர்
முதலில் ரூபாயை ஒதுக்கி வையுங்கள் சார். நம் ஊர் ஸ்லாப் கட்டணத்தில் தொகை ஒருபோதும் மிச்சத்துக்கு அளவுகோல் ஆகாது. 2022 செப்டம்பர் விகிதத்தையே எடுத்துக்கொள்வோம் (பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, அமைப்பு அதேதான்). இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101–200-க்கு 2.25, 201–400-க்கு 4.50, 401–500-க்கு 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, 501–600-க்கு 8, அதற்கு மேல் 800 வரை 9. ஆக 500-க்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்.

உங்கள் 640-க்கு 3,110, 455-க்கு 1,455. தொகையில் 53 சதவீதம் குறைவு, யூனிட்டில் 29 சதவீதம்தான். அதிலும் நாட்கணக்கு வேறு: 640/61 = 10.5, 455/57 = 8. நாளுக்கு 24 சதவீதம். ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் முந்தி வந்ததற்கு பெயின்ட் கம்பெனிக்கு மார்க் போடக்கூடாது.

வீடு பூட்டியிருந்து சராசரி போட்ட பில் ஏதாவது இருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது அளந்த எண்ணே இல்லை.

வெயில்கணக்கு
அந்த 24 சதவீதமும் இன்னும் இறங்கும். இரண்டு கோடையும் ஒரே வெயில் அல்ல. ஒவ்வொரு நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து 24 டிகிரியைக் கழியுங்கள். 38-ம் 28-ம் என்றால் சராசரி 33, மீதி 9. இரண்டு பில் காலங்களுக்கும் இதன் நாள் சராசரியைப் போடுங்கள். மதுரைக்கு நகரம், விமான நிலையம் என்று இரண்டு இடத்து அளவுகள் வரும். இரண்டு வருடத்துக்கும் ஒரே இடத்தை எடுங்கள். ஒரு வருடம் இது, மறு வருடம் அது என்று கலந்தால் அந்த வித்தியாசமே மிச்சம் மாதிரித் தெரியும்.

மாடிவீடு_மதுரை
விமான நிலைய அளவு போட்டேன். போன வருடம் 7.0, இந்த வருடம் 6.0.

வெயில்கணக்கு
அப்படியானால்: போன வருடம் நாளுக்கு 10.5, அதில் வெயிலைச் சாராதது 4.5 (ஏசி ஓடாத டிசம்பர்–ஜனவரி அளவு). மீதி 6 யூனிட், 7 டிகிரிக்கு, டிகிரிக்கு 0.86. இந்த வருட 6 டிகிரிக்குப் பழைய வீடு 4.5 + 5.1 = 9.6 யூனிட் எடுத்திருக்கும். நீங்கள் எடுத்தது 8. மிச்சம் நாளுக்கு 1.6 யூனிட், அதாவது சுமார் 17 சதவீதம்.

இரண்டு புள்ளியில் இழுத்த கோடு இது, அவ்வளவு கெட்டியில்லை. வேலைக்கு முந்தைய இரண்டு வருடத்தின் 12 பில்களையும் இதே மாதிரிப் போட்டு வரைந்தால் கோடு உறுதிப்படும். எந்த டிகிரியில் யூனிட் ஏறத் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் வீட்டுக்குக் கழிக்க வேண்டிய எண். 24 டிகிரி என்பது ஆரம்பத்துக்கு வைத்துக்கொண்டது. மெயின் மீட்டரை மட்டும் வைத்துக் கணக்கிடும்போது பத்து சதவீதத்துக்குக் குறைவான மாற்றத்தை நம்பக்கூடாது. விருந்தாளி வந்து நான்கு நாள் தங்கினாலே அந்த அளவு ஆடிவிடும்.

ஒயரிங்_திருச்சி
இப்போது கீழிருந்து கூட்டிப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி 30. ஒரு ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் 0.45 யூனிட் மிச்சம், நாலுக்கு 1.8. மொத்த மிச்சமே 1.6 என்றால் ஏசியும் பூச்சும் மிச்சம் பிடித்தது பூஜ்யத்துக்கும் கீழே என்று ஆகிறது! இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, 75 வாட் என்பது ரெகுலேட்டர் 5-இல் ஓடும்போது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் 3-இல் வைத்திருந்தால் வாட்டும் இறங்கியிருக்கும், அங்கே மிச்சம் குறைவு. (பழைய பெட்டி ரெகுலேட்டர் என்றால் அது சூடாகியே தின்றிருக்கும், அப்படி இறங்கியிருக்காது.) இரண்டு, புது ஏசி வந்தபின் ஓடும் நேரம் கூடியிருக்கும். முன்பு இரவு ஐந்து மணி நேரம் ஓடியது இப்போது எட்டு மணி நேரம் என்றால் அது மிச்சமாக வராது, சுகமாக வரும். தப்பில்லை, ஆனால் அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஃபேனை அளக்க மீட்டரே போதும். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 3,200, சிலவற்றில் 1,600. 3,200 என்றால் சிவப்பு எல்இடி ஒரு தடவை மின்னினால் 0.3125 வாட்-மணி. மற்ற எல்லாம் அணைத்து ஒரு ஃபேன் மட்டும் ஓடினால் 75 வாட்டுக்கு 15 விநாடிக்கு ஒரு மின்னல், 30 வாட்டுக்கு 37, 38 விநாடிக்கு ஒன்று. பத்து மின்னல் எண்ணி நேரத்தைப் பாருங்கள்.

ஒரு சிக்கல்: நம் வீடுகளில் ஃபேன்கள் யூபிஎஸ் லைனில் இருக்கும். பேட்டரி சார்ஜ் ஏறும்போது அளந்தால் அந்த வாட்டும் சேர்ந்து வரும். பேட்டரி நிறைந்தபின், ஃபேன் நிறுத்தி ஒரு அளவு, ஓடவிட்டு ஒரு அளவு, இரண்டையும் கழியுங்கள்.

பிஎல்டிசிக்குப் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராக ஸ்விட்சில் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ரெகுலேட்டர் வழியாக ஓடினால் உள்ளே இருக்கும் போர்டு போய்விடலாம்.

கிளாம்ப்மீட்டர்
ஏசிக்குத் தனி மீட்டர் அவசியம். யூனிட் காட்டும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வாங்குங்கள். 10 ஆம்பியர் பிளக் ஏசிக்குத் தாங்காது, உருகும். கிளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டுவது) அளப்பதென்றால் ஒரே ஒயரைச் சுற்ற வேண்டும், இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் பூஜ்யம் காட்டும். அதில் வரும் ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் கிடைப்பது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் அல்ல. சின்ன எலக்ட்ரானிக் சாதனங்களில் இது ரொம்பவே கூடுதலாகக் காட்டும்.

ஏசி லேபிளில் இருக்கும் வருட யூனிட் 1,600 மணி நேரத்துக்கானது. பிளக்கில் வரும் யூனிட்டை ஓடிய மணி நேரத்தால் வகுத்தால்தான் ஒப்பிட முடியும். பழைய ஏசியைக் கழற்றும் முன் ஒரு வாரமாவது இப்படி அளந்து வைத்திருக்க வேண்டும். இப்போது அதற்கு வழியில்லை.

வெயில்கணக்கு
பூச்சுக்கு யூனிட்டைத் தேடாதீர்கள். ஏசி இல்லாத அறையில் அது டிகிரியாகத்தான் தெரியும். மதியம் மொட்டைமாடியில் ஐஆர் தெர்மாமீட்டர் (தொடாமலே வெப்பநிலை காட்டுவது) வைத்துக் காட்டுவது விற்பவரின் வேலை. கான்கிரீட் வெப்பத்தை வாங்கிக் கீழே இறக்கச் சில மணி நேரம் ஆகும், அதனால் உள்ளே சீலிங்கை மாலை 6-லிருந்து 9-க்குள் அளங்கள், அதே நேரம் அறைக் காற்றின் வெப்பநிலையையும். சீலிங் காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதே உங்கள் எண். கீழ்வீட்டில் உங்களுடையது போன்ற அறை இருந்தால் அங்கேயும் அளங்கள். மழைக்காலம் முடிந்து பூச்சில் பாசி கருத்தபின் மறுபடி அளந்தால் கழுவ வேண்டுமா என்று தெரியும்.

மேற்குச் சுவருக்கும் இதே முறைதான். 9 அங்குலச் செங்கல் சுவரின் உள்பக்கம் இரவில்தான் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் வெயில் படாத உள்சுவரோடு ஒப்பிடுங்கள். ஒரு டிகிரிதான் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். மூன்று, நான்கு டிகிரி இருந்தால் உள்ளே வெப்பம் தடுக்கும் பலகை அடிப்பதைவிட வெளியே நிழல் தருவது மலிவு. முதலில் ஒரு மாதம் பச்சை ஷேட் நெட்டை சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கட்டி, மறுபடி அளந்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.