தேவகோட்டைப் பக்கம் ரோடு வேலை: ஜிஎஸ்பிக்குக் கிராவல் போடலாமா? அவசரம்

தேவகோட்டை சைட்: வணக்கம். ரோடு அகலப்படுத்தும் வேலை. ஜல்லிக் குவாரி தூரம், லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை. பக்கத்தில் சிவப்புக் கிராவல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஜிஎஸ்பிக்கு, அதாவது ரோட்டின் அடியில் வரும் ஜல்லி அடுக்குக்கு, அதைப் போடலாமா? நாளைக்குள் சொல்ல வேண்டும்.

ரோலர்: எந்த ரோடு தம்பி? ஊர் ரோடா, ஹைவேயா? வண்டி எவ்வளவு ஓடும்? சிபிஆர் (மண் எவ்வளவு பாரம் தாங்கும்), பிஐ (களித்தன்மை எவ்வளவு) பார்த்தீர்களா?

சிமென்ட் பிரியன்: கிராவலில் கொஞ்சம் சிமென்ட் கலந்து உருட்டுங்கள். கல் மாதிரி இறுகிவிடும், ஜல்லிக்கு வேலையே இல்லை.

பழைய ஏஇ: டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் வந்து கேட்பவருக்கு என்ன சொல்வது? ரோடு டிசைனுக்கான விதிப்புத்தகம் ஐஆர்சி 37-ஐ ஒருமுறையாவது புரட்டிவிட்டு வாருங்கள். ஹைவே ஜிஎஸ்பி என்றால் நாலு நாள் ஊறவைத்த சிபிஆர் குறைந்தது 30 சதவீதம், பிஐ 6-க்குள், லிக்விட் லிமிட் (மண் குழம்பாகும் ஈர அளவு) 25-க்குள். இது அடிப்படை.

ஐயா வீடு: எங்கள் ஐயா வீட்டு அஸ்திவாரம் முழுக்க அதே சிவப்பு மண்ணிலிருந்து வெட்டிய செம்பூரான் கல்தான். நூறு வருஷமாகியும் அசையவில்லை. அந்த மண்ணைப் போய்ச் சந்தேகப்படுகிறீர்களே?

ரோலர்: அண்ணே, வீட்டுக்கு வெட்டி வைத்த கல் காற்றுப்பட இறுகும். செட்டிநாட்டு வீடு உயரமான மேடையில் நிற்கிறது, அடியில் தண்ணீர் தேங்காது. ரோட்டுக்கு வருவது குழியில் அள்ளிய உதிரி. களி அதிகமிருந்தால் மழையில் இளகி, லாரி டயர் அமுக்கியதும் தடம் விழுந்துவிடும்.

ஐயா வீடு: காரைக்குடியில் எத்தனை கிராவல் ரோடு கிடக்கிறது, வந்து பாருங்கள்.

ரோலர்: அவை சைக்கிளும் டிராக்டரும் போகிற ரோடு அண்ணே.

தேவகோட்டை சைட்: ஹைவேதான். ஒரு பக்கம் கண்மாய். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ரோலர்: கண்மாயா! அப்படியென்றால் ஜிஎஸ்பி தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும். தார் அகலத்தோடு நிறுத்தாமல் கரைச் சரிவு வரை கொண்டுபோங்கள். நுண்பொடி நிறைந்த கிராவல் அந்த வேலையைச் செய்யாது. சிமென்ட் போட்டாலும் வடிகால் பிரச்சினை அப்படியே இருக்கும். பிஐ அதிகமென்றால் சிமென்ட் சரியாகக் கலக்கவும் செய்யாது, முதலில் சுண்ணாம்பு வேண்டும்.

விலையை யூனிட் கணக்கில் பார்க்காதீர்கள், முழு தடிமனுக்கும் பாருங்கள். அந்தக் கிராவலை ஜிஎஸ்பிக்கும் கீழே வரும் 500 மில்லிமீட்டர் மண் அடுக்கான சப்கிரேடுக்குப் போட்டால் அங்கே சிபிஆர் ஏறும், மேலே ஜல்லி குறையும். மிச்சம் அங்கேதான். பெர்மிட் உள்ள குழியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட் பிரியன்: தூத்துக்குடி அனல்மின் சாம்பலும் கலக்கலாமே?

பழைய ஏஇ: அங்கிருந்து ஏற்றி வரும் வாடகையை யார் கொடுப்பது?

தேவகோட்டை சைட்: ரிப்போர்ட் வந்தது. பிஐ 13, ஊறவைத்த சிபிஆர் 14. கிராவல் சப்கிரேடுக்கு, ஜிஎஸ்பிக்கு ஜல்லியே. நன்றி அண்ணே.

ரோலர்: நல்லது தம்பி. ஜிஎஸ்பி தடிமன் எவ்வளவு குறைந்தது? புது டிசைன் வந்ததும் போடுங்கள்.